ஒரு வருஷ வாலிபம்

"எத்தினி மாசத்துக்கு இருக்கணும்னு கேட்டியா?" என்றாள் லூர்து மேரி.

"அத போயி கேப்பாங்களா?" என்றான் ஜெபதாஸ். "எஃப்.சி. எடுத்துக்கினு வா, பாக்கணும்னாரு. பாக்கணும்னா நல்லா கீதானு பாக்கணும்னுதான அர்த்தம்."

"நம்ம வண்டிக்கு ஆறு மாசம்தானே எழுதுவாங்க."

"அதான் இப்போ ரோதன."

வாடகைக்கு ஓடும் வண்டி எதுவானாலும், அது சாலையில் ஓடத் தகுதியானதுதான் என்று சர்க்கார் ஒரு சான்று தரவேண்டும். அதுதான் எஃப்.சி. அதைத் தருகிறவர் மோட்டார் வாகன ஆய்வாளர். வேறு எதைப் பார்க்காவிட்டாலும் பிரேக்கை மிதித்துப் பார்த்துவிடுவார் என்பதால் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் அவருக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் என்று பெயர். வண்டி புத்தம் புதிதாக இருந்தால் இரண்டு வருஷத்துக்கு எழுதுவார். கொஞ்சம் ஓடித் தேய்ந்தபிறகு ஒரு வருஷம். கிழடாகி, அதைச் சுற்றி வரும்போதே அவர் சூள் கொட்டுகிற நிலைக்கு வந்துவிட்டால் ஆறு மாதம். நமக்கும் அப்படித்தானே. கல்யாண வயதில் டாக்டர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அறுபதைத் தாண்டினால் கம்பவுண்டரின் குழந்தைகள் பெயர்வரைக்கும் தெரிந்துவிடுகிறது.

ஜெபதாஸின் வேனுக்குப் பதினைந்து வயது. சில வருஷங்களாகவே அது ஆறு மாத வண்டி.

ஒரகடம் சாலையில் வண்டிச் சாமான் செய்யும் கம்பெனி ஒன்று புதிதாக வந்திருந்தது. அங்கே போக்குவரத்துக்குப் பொறுப்பாளர் ஸௌந்தரராஜன், உடையவர் சன்னிதித் தெருக்காரர். அவர்தான் போன வாரம் வாலாஜாபாத் சாலையில் ஜெபதாஸின் வேனைக் கைகாட்டி நிறுத்தினார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து அடியில் எட்டிப் பார்த்தார். வண்டிக்கு என்ன வயது என்று கேட்டார். வடக்குப்பட்டிலிருந்து ஷிப்ட் ஆட்களை ஏற்றி வர ஒரு வண்டி வேண்டும், எஃப்.சி.யைக் கொண்டு வாருங்கள், பார்த்துவிட்டுக் கம்பெனி காண்ட்ராக்டை முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் காண்ட்ராக்ட் கிடைத்தால் ஜெபதாஸ் முதலாளி. கிடைக்காவிட்டால், வேனைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு மச்சான் தாமஸிடம் டிரைவராகப் போகவேண்டியதுதான். தாமஸ், லூர்து மேரியின் தம்பி. ஜெபதாஸிடம் கிளீனராகச் சேர்ந்து, அவனிடம் திட்டு வாங்கியே வண்டி ஓட்டக் கற்றவன். இப்போது நாலே வயதான சொந்த வேன் வைத்திருக்கிறான். "டிரைவரா வந்துடு மாமா, உனக்கு இன்னா கொறச்சல்" என்று ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து கோயில் வாசலில் வைத்துச் சொல்கிறான். அதை அவன் பிரியமாகச் சொல்கிறான் என்பதுதான் ஜெபதாஸால் தாங்க முடியாதது.

"இந்த தபா ஒரு வருஷம் வாங்கியே ஆவணும்" என்று சொல்லிவிட்டு, பெங்களூர் சாலை ஓரத்தில் இருந்த ரத்தினத்தின் ஷெட்டுக்குப் போனான்.

ரத்தினம் மெக்கானிக். கஷ்டம் என்று வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்லாதவன். முடியும் என்று சொல்லிவிட்டுப் பிறகுதான் யோசிப்பான்.

"தாமஸ் வண்டியும் இதே மாடல்தானே" என்றான் ஜெபதாஸ். "அவன் வண்டிக்கு என் நம்பர் பலகைய மாட்டிக்கினு போய் காட்டிட்டா?"

"பலகைய மாத்தலாம் வாத்யாரே. சேஸிஸ்ல குத்தி வெச்சிகீறானே, அத இன்னா பண்ணுவ?"

ரத்தினம் சொன்னது சரி. சேஸிஸ் என்பது வண்டியின் அடியில் தலைமுதல் வால்வரை ஓடும் இரும்புச் சட்டம். அதில் வண்டி செய்த கம்பெனிக்காரன் ஓர் எண்ணைக் குத்தியிருப்பான். இன்ஸ்பெக்டர் அதன்மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பார். எண் தாளில் எழும்பி வரும். அதை வண்டிப் புத்தகத்தோடு ஒப்பிடுவார். எஞ்சினுக்கும் அப்படி ஓர் எண் உண்டு. இந்த இரண்டையும் ஏமாற்ற முடியாது. ஆனால் டயருக்கும் விளக்குக்கும் ஹாரனுக்கும் அப்படி எந்த எண்ணும் கிடையாது. அவை அனாதைகள். எந்த வண்டியில் மாட்டினாலும் அந்த வண்டியின் பிள்ளைகள்.

"அப்போ அது ரெண்ட தவிர மிச்சத்தெல்லாம் மாத்தலாம்" என்றான் ஜெபதாஸ்.

ரத்தினம் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டான். "மாத்தலாமே."

தாமஸின் வண்டிக்கும் அதே முகாமில்தான் எஃப்.சி. இன்ஸ்பெக்டர் மாதம் ஒரு முறை ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து பயணியர் விடுதி மைதானத்தில் வண்டிகளைப் பார்ப்பார். காலையில் கொஞ்சம், சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம். காலையில் மாமா வண்டி. பிறகு எல்லாவற்றையும் கழற்றித் திரும்ப மாட்டிவிட்டு, மத்தியானம் மச்சான் வண்டி. இதுதான் திட்டம்.

"டயர் மட்டும்தானே?" என்றான் தாமஸ்.

"டயர் மட்டும்தான்டா. உன் உசுரயா கேக்கறாரு" என்றாள் லூர்து மேரி.

தாமஸின் நாலு டயர்களும் ஜெபதாஸின் வண்டிக்கு வந்தன. ஜெபதாஸின் வழுக்கை டயர்கள் தாமஸின் வண்டிக்குப் போயின. ஜெபதாஸ் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து முகம் வெளுத்து இறங்கினான்.

"ஸ்டீரிங் கடகடனு ஆடுது."

"ஆடாதா பின்ன" என்றான் ரத்தினம். "வழுக்க டயரு ரோட்டுல சும்மா சறுக்கிக்கினே திரும்பிச்சி. இது ரோட்டப் புடிச்சிக்குது. புடிச்சத திருப்பணும்னா கம்பிங்களுக்கு வேல வருது. வேல வந்தா கெயவன் ஆடாம இன்னா பண்ணுவான்."

ஒரு வண்டியில் எல்லாப் பாகங்களும் ஒன்றாகத்தான் கிழடாகின்றன. ஒன்றின் குறையை மற்றொன்று மறைத்துக்கொண்டு, யாரும் யாரையும் குற்றம் சொல்லாமல், ரொம்ப வருஷம் சேர்ந்து வாழ்ந்த குடும்பம்போல ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு இளசைக் கொண்டுவந்து விட்டால் எல்லார் வண்டவாளமும் வெளியே வந்துவிடும்.

தாமஸின் ஸ்டீரிங் கம்பிகள் மாறின.

அடுத்தது ஹாரன். தாமஸின் ஹாரன் எருமையைக்கூட ஓரம் போகவைக்கும். மாட்டி அழுத்தினார்கள். ஹாரன் கத்தியது, முகப்பு விளக்குகள் கண்ணை மூடிக்கொண்டன. புது ஹாரன் குடிக்கும் மின்சாரத்தைப் பழைய பாட்டரியால் கொடுத்து மாளவில்லை.

"பாட்டரிய மட்டும் குடுடா" என்றாள் லூர்து மேரி.

"அக்கா, டயர் மட்டும்னுதான் சொன்ன."

"உன் கண்ணாலத்துக்கு ராவும் பகலுமா யாரு வண்டி ஓடிச்சி? காசு கேட்டாரா அவுரு?"

பாட்டரி வந்தது. விளக்குகள் பிரகாசமாக எரிந்தன. ஆனால் வண்டியை ஷெட்டுக்குள் சுவரைப் பார்த்து நிறுத்தினால் வெளிச்சம் சுவரில் விழாமல் கூரையில் விழுந்தது. உத்தரத்தில் இருந்த பல்லி ஒன்று பயந்து ஓடியது. இத்தனை நாள் விளக்கு மங்கலாக இருந்ததால் அது எங்கே விழுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் பதினைந்து வருஷமாக மூட்டை சுமந்து தொய்ந்துபோயிருந்தன. பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் தானாக நிமிரும். வண்டி வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓடியிருக்கிறது.

"பட்டைய மாத்துனா விளக்கு எறங்கிடும்" என்றான் ரத்தினம்.

தாமஸ் தன் அக்காவைப் பார்த்தான். அவள் வாயைத் திறப்பதற்குள், "எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டான்.

பட்டைகள் மாறின. வண்டி நேராக நின்றது. நின்ற வண்டி, ஓட்டிப் பிரேக்கை மிதித்ததும் இடதுபக்கம் ஒடித்துத் திரும்பி, சாலைபோடக் கொட்டி வைத்திருந்த மணலில் மூக்கை நுழைத்துக்கொண்டது.

பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஏன் அப்படிப் போயிற்று என்பதும் புரியும். சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்புக் குடம் சுற்றுகிறது. அதற்குள்ளே வளைந்த இரண்டு கட்டைகள். மிதித்தால் கட்டைகள் விரிந்து குடத்தின் உட்சுவரை அழுத்திப் பிடிக்கும். கட்டைகளின் முதுகில் கெட்டியான பட்டை ஒன்று ஒட்டியிருக்கும். அதுதான் லைனிங். உண்மையில் வண்டியை நிறுத்துவது அந்தப் பட்டைதான். ஜெபதாஸின் வண்டியில் இடதுபக்கத்து லைனிங் கொஞ்சம் மிச்சமிருந்தது. வலதுபக்கத்தில் ஞாபகம் மட்டும் மிச்சமிருந்தது. வழுக்கை டயர் இருந்தவரை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சறுக்கி, நியாயமாக நடந்துகொண்டன. புது டயர் ரோட்டைப் பிடித்ததும் பாரபட்சம் தெரிந்துவிட்டது.

மணலிலிருந்து தள்ளி எடுத்து, நாலு சக்கரத்துக்கும் தாமஸின் பிரேக் கட்டைகளை மாற்றினார்கள்.

எல்லாம் முடிந்து ஜெபதாஸ் வண்டியைக் கிளப்பினான். ஆட்டமில்லை. கடகடப்பு இல்லை. அந்த நிசப்தத்தில் முதல்முறையாக சைலன்ஸர் ஓட்டையாக இருப்பது கேட்டது.

"தாமஸு" என்று கூப்பிட்டாள் லூர்து மேரி.

"கழட்டியே வெச்சிட்டேன்கா" என்றான் வெளியிலிருந்து.

முகாம் நாளன்று காலை. பயணியர் விடுதி மைதானத்தில் லாரிகளும் வேன்களும் ஒரு டாக்சியும் வரிசையாக நின்றன. தாமஸின் வேனும் வந்திருந்தது. மைதானத்து ஓரத்திலேயே மாற்றிவிடலாம் என்று ரத்தினம் ஸ்பானர் பையோடு வேப்பமரத்தடியில் சாக்கு விரித்திருந்தான். தாமஸின் வேன் வந்த சத்தத்தைக் கேட்டு வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் ஜெபதாஸ் வந்துவிட்டான் என்று நினைத்தார்கள். பழக்கதோஷம்.

இன்ஸ்பெக்டர் நெற்றியில் திருமண் இட்டிருந்தார். வந்ததுமே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னிக்குத் திருவாதிரை. உடையவர் நட்சத்திரம்" என்றார். "நடை சாத்துறதுக்குள்ள நான் போய்ச் சேவிக்கணும். அதனால மத்தியானம் கித்தியானம் எல்லாம் கெடையாது. ஒண்ணு பின்னால ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கணும். வராத வண்டிக்கு அடுத்த மாசம்."

தாமஸ் வேப்பமரத்தைப் பார்த்தான். ரத்தினம் சாக்கைச் சுருட்ட ஆரம்பித்தான்.

ஜெபதாஸின் முறை வந்தது. இன்ஸ்பெக்டர் டயரைத் தட்டினார். ஸ்டீரிங்கை விரலால் அசைத்தார். ஹாரனை அழுத்திவிட்டுத் தானே ஒரு அடி பின்னால் போனார். பிறகு பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, மைதானத்தில் வேகமாக ஓட்டச் சொல்லி, "நிறுத்து" என்றார். வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. அவருடைய பேனா சட்டைப்பையிலிருந்து எகிறிக் கண்ணாடியில் மோதியது.

இறங்கியவர் வண்டிப் புத்தகத்தைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். படுத்து, சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தார். தாளை உற்றுப் பார்த்துவிட்டு, வேறொரு தாளை வைத்து மறுபடியும் தேய்த்தார்.

"பதினஞ்சு வருஷமா இது?"

"ஆமா சார்."

"எப்படிய்யா இப்படி வெச்சிருக்க?"

"கொழந்த மாதிரி பாத்துக்கறேன் சார்" என்றான் ஜெபதாஸ். சொல்லிவிட்டு வண்டியின் முகப்பைத் துண்டால் துடைத்தான்.

"ஆறு மாசம் போடற வண்டியா இது. ஒரு வருஷம் போடறேன். இந்த வயசு வண்டிக்கு நான் ஒரு வருஷம் எழுதறது இதுதான் மொத தடவ." எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். "அடுத்த வண்டி."

அடுத்த வண்டி தாமஸ்.

"சார், வெய்யில்ல நிக்கறீங்க, ஒரு எளநீ சாப்டுங்க" என்றான் ஜெபதாஸ்.

"நடை சாத்திடுவாங்கய்யா. யாருதுய்யா அந்த வண்டி? கொண்டா."

தாமஸ் கொண்டுவந்தான். அது வந்த தோரணையைப் பார்த்து டாக்சிக்காரன் தன் காரைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்துக்கொண்டான். இன்ஸ்பெக்டர் டயரைத் தடவினார். ஸ்டீரிங்கைத் திருப்பினார். சக்கரம் திரும்புவதற்கு முன்னால் வேறு எதையாவது யோசித்து முடிக்க நேரம் இருந்தது. ஹாரனை அழுத்தினார். தும்மல்போல ஏதோ வந்தது. பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "நிறுத்து" என்றார். வண்டி அதைப் பற்றி ஆலோசித்து, நேராகச் சறுக்கி, விடுதித் தோட்டத்துக் குரோட்டன்ஸ் செடிகளுக்குள் போய் நின்றது.

அவர் இறங்கி, சட்டையிலிருந்து ஓர் இலையை எடுத்துப் போட்டார்.

"இதுக்கு இன்னா வயசு?"

"நாலு சார்."

"நாலா? நாலு வயசுல வண்டிய சாகடிச்சி வெச்சிருக்கியே. அதோ நிக்குது பாரு, பதினஞ்சு வயசு. அத வெச்சிருக்கறவர தெரியுமா உனக்கு?"

"மாமா சார்."

"அவுரு கிட்ட போய்க் கத்துக்க. அவுரு கிட்ட ஒரு வருஷம் கிளீனரா இருந்தா புத்தி வரும்."

தாமஸின் காதுகள் சிவந்தன. "சார், நெசமா இன்னானா..." என்று ஆரம்பித்தான்.

லூர்து மேரி குறுக்கே வந்து நின்றாள். "எளநீ வெட்டட்டுமானு கேக்கறான் சார்."

"வேணாம்மா. ஆறு மாசம் எழுதறேன். அதுவே பாவம் பாத்துத்தான். ஆறு மாசத்துல சரி பண்ணிட்டு வந்து காட்டு. இல்லன்னா ரோட்டுல ஓட விடமாட்டேன்." முத்திரை விழுந்தது. இன்ஸ்பெக்டர் அடுத்த லாரிக்கு நகர்ந்தார்.

தாமஸ் வேனை வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"என் பிரேக்கு" என்றான் தாமஸ். "என் டயரு. என் சைலன்ஸரு. அதுங்களுக்கு ஒரு வருஷம் குடுத்துட்டு எனக்கு ஆறு மாசம் குடுத்துகீறான்."

"சாயந்தரமே மாட்டிக் குடுத்துடறேன்" என்றான் ரத்தினம்.

"மாட்டுனா பேப்பர்ல மாறுமா?"

"கம்பெனி மொத மாசம் பணம் குடுக்கட்டும், உனக்குப் புது டயரே வாங்கித் தரேன்டா மச்சான்" என்றான் ஜெபதாஸ். அவனுக்குக் குரலில் வருத்தம் காட்ட வேண்டும் என்றுதான் ஆசை. முகம் ஒத்துழைக்கவில்லை. "இப்பவே கம்பெனிக்குப் போய் முடிச்சிக்கினு வந்துடறேன்."

"நீ மட்டும் போவியா? என் சாமான் ஒரு வண்டி நெறைய போவும், நான் இங்க நிப்பனா? நானும் வரேன்" என்றான் தாமஸ்.

இரண்டு வேன்களும் ஒரகடம் சாலையில் போயின. முன்னால் ஜெபதாஸ், சத்தமில்லாமல். பின்னால் தாமஸ், புகையோடு. லூர்து மேரி கணவன் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னால் திரும்பிப் பார்க்காமல் ஜெபமாலை உருட்டிக்கொண்டு வந்தாள். வழியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் தாமஸைப் பார்த்து, "இன்னா ஜெபதாஸு, தாடி எடுத்துட்டியா?" என்று கேட்டார்.

கம்பெனி வாசலில் ஜெபதாஸ் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு இறங்கினான். காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்து ஸௌந்தரராஜனிடம் நீட்டினான்.

"ஒரு வருஷம் சார். இன்ஸ்பெக்டரே எதிர்பாக்கல."

ஸௌந்தரராஜன் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரைப் பார்த்தார். குனிந்து, அடியில் பார்த்தார். நிமிர்ந்தபோது, கல்யாண வீட்டில் பந்தி முடிந்தபிறகு வந்து சேர்ந்தவருடைய முகமாக இருந்தது அவர் முகம்.

"இதுவா அன்னிக்கு நான் பார்த்த வண்டி?"

"அதேதான் சார். சேஸிஸ் நம்பர் வேணா தேச்சிப் பாருங்க."

அவர் கண்கள் பின்னால் நின்று ஓட்டை சைலன்ஸரோடு கத்திக்கொண்டிருந்த தாமஸின் வேன் பக்கம் போயின. தாமஸ் சாவியைத் திருப்பிய பிறகுதான் சத்தம் ஓய்ந்தது.

"அது யாரோடது?"

"என் மச்சானோடது சார். அத விடுங்க, அதுக்கு ஆறு மாசம்தான் குடுத்தாங்க" என்றான் ஜெபதாஸ், தலையை ஆட்டிக்கொண்டே.

ஸௌந்தரராஜன் வேகமாக அந்த வேனிடம் போனார். தாமஸிடமிருந்து காகிதத்தை வாங்கினார். படித்ததும் முகம் மலர்ந்தது. தாமஸின் தோளில் கை வைத்தார்.

"உள்ளே வாங்கோ, கையெழுத்துப் போட்டுடலாம்."

"சார்" என்றான் ஜெபதாஸ். "என்னுது ஒரு வருஷம் சார்."

ஸௌந்தரராஜன் அவன் காகிதத்தை மடித்து, நல்ல மனசோடு அவன் சட்டைப்பையிலேயே வைத்தார்.

"நாங்க பண்றது பிரேக் லைனிங், ஜெபதாஸ், அதை ஒரு கிழட்டு வண்டியிலே மாட்டி ஓட்டினா, ஆறு மாசத்துக்கு ஒருதரம் சர்க்காரே மிதிச்சுப் பார்த்து அது தாங்கறதான்னு சொல்லிடும்னுதானே அன்னிக்கு நடுரோட்டிலே உங்களை நிறுத்தினேன்."